முடிவெடுக்காத டீச்சருக்கு வழியனுப்பு விழா

நான் மாலத்தீவுக்குப் போகப்போகிறேன் என்ற செய்தியை எனக்குச் சொன்னது படகுத்துறையில் கட்டியிருந்த ஃப்ளெக்ஸ்தான்.

வியாழக்கிழமை காலை. பள்ளிக்கூடம் போகிற படகைப் பிடிக்க ஓட்டமும் நடையுமாக வந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். தென்னை மரத்துக்கும் மின்கம்பத்துக்கும் நடுவில் நானே ஆளுயரத்துக்கு நின்றுகொண்டிருந்தேன். பாஸ்போர்ட்டுக்கு எடுத்த படம். யாரோ காலை மிதித்துவிட்டு மன்னிப்புக் கேட்காமல் போன மாதிரி ஒரு முகம். பின்னணியில் ஒரு விமானம், இரண்டு டால்ஃபின்கள், போதாததற்கு நாலைந்து தென்னை மரங்கள் வேறு. குட்டநாட்டில் தென்னைக்கு அவ்வளவு பஞ்சம் பாருங்கள்! கீழே கொட்டை எழுத்தில்: ‘கடல் கடந்து செல்லும் எங்கள் ஷைனி டீச்சருக்கு நெஞ்சம் நிறைந்த வாழ்த்துகள். சனிக்கிழமை மாலை வழியனுப்பு விழா. இவண், நவதாரா கிளப்.’

இதில் ஒரே ஒரு சிக்கல்தான். போவதா வேண்டாமா என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை. சனிக்கிழமை மாலைக்குள் சொல்கிறேன் என்று எனக்கு வேலை தருவதாகச் சொன்ன தீவுப் பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியையிடம் தவணை வாங்கியிருந்தேன்.

எங்கள் ஊரில் ஃப்ளெக்ஸில் ஏறுவது சாதாரண விஷயம் இல்லை. எங்கள் வார்டு பென்னிச்சன் நியூசிலாந்து போகிறான் என்று கிளப்காரர்கள் இப்படித்தான் கட்டினார்கள். விசா கிடைக்கவில்லை. பாவம், அவன் ஊருக்குள் தலைகாட்ட முடியாமல் சங்கனாச்சேரியில் மாமியார் வீட்டில் போய் ஒளிந்துகொண்டான். மழைக்காலம் வந்து காற்றே அந்த ஃப்ளெக்ஸைக் கிழித்துப் போட்ட பிறகுதான் திரும்பினான். இன்னமும் அவனுக்கு ‘நியூசிலாந்து’ என்றுதான் பேர்.

படகில் ஏறினதும் ஆரம்பித்துவிட்டார்கள்.

“டீச்சரே, சொல்லவே இல்லையே! அழுத்தக்காரி!” என்றாள் மீன்காரி ஓமனா.

“எனக்கே இப்பத்தான் தெரியும்” என்றேன்.

“ஆமா ஆமா, போட்டோ மட்டும் தானா நடந்து போய் ஒட்டிக்கிச்சு! அங்க சூரை மீன் சும்மா கிடைக்குமாமே? வரும்போது எனக்கு ஒரு கூடை கொண்டா. மீனை வித்து வித்து, நல்ல மீன் தின்னு வருஷமாச்சு.”

டிக்கெட் கிழிக்கிறவர் தன் பங்குக்கு, “நம்ம ஊரு வருஷா வருஷம் மூழ்குது. அந்த ஊரு மொத்தமா மூழ்கப் போகுதாம். டீச்சருக்குத் தண்ணியை விட்டுப் பிரிய மனசில்ல போல” என்றார். படகே சிரித்தது. கோபம் வந்தாலும் நானும் சிரித்துவிட்டேன். உண்மையைச் சொன்னால், உள்ளுக்குள் எனக்குக் கிறுகிறுவென்று இருந்தது. நாற்பத்தொரு வயதில், கோயம்புத்தூரைத் தாண்டாத ஒருத்தியை விமானத்தோடு சேர்த்து நிறுத்திவிட்டார்களே!

விஷயத்தை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். கல்யாணமான புதிதில் மஸ்கட்டில் ஒரு பள்ளிக்கூடம் என்னைக் கூப்பிட்டது. அப்போது மகள் கைக்குழந்தை. அப்புறம் துபாய். அப்போது மாமனார் படுத்த படுக்கை. இரண்டு தடவையும் ‘வேண்டாம்’ என்று நானே எழுதிப் போட்டுவிட்டு, அதே பலகையில் அதே கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தேன். இப்போது மகள் மங்களூரில் நர்சிங் படிக்கிறாள். மாமனார் கர்த்தரிடம் போய்ச் சேர்ந்தாயிற்று. சாக்குச் சொல்ல மிச்சம் இருந்தது என் கணவர் ஜோப்பனும் அவருடைய வாத்துகளும்தான்.

போன வாரம் அந்தத் தலைமையாசிரியை நசீமா வீடியோவில் ஆங்கிலத்தில் பேசினார். வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று பேசுகிற பெண். கணக்கு டீச்சர் இல்லாமல் ஒன்பதாம் வகுப்பு அல்லாடுகிறது என்று சொல்லிவிட்டு, போனை வகுப்பறைப் பக்கம் திருப்பினார். ஜன்னலுக்கு வெளியே அப்படி ஒரு நீலம். எங்கள் காயல் அதன் பக்கத்தில் பாத்திரம் கழுவின தண்ணீர்தான். ஒரு பெண் எழுந்து, “மிஸ், உங்களுக்கு நீந்தத் தெரியுமா? போன மிஸ்ஸுக்குத் தெரியாது. படகைப் பார்த்தாலே அழுவாங்க” என்றாள்.

“நான் பள்ளிக்கூடம் போறதே படகுலதான்” என்றேன்.

வகுப்பு முழுக்க ‘ஓ’ என்று கத்தியது. அந்தக் கத்தல் என் காதிலேயே நின்றுவிட்டது. போக வேண்டும், போயே ஆக வேண்டும் என்று மனசு கிடந்து துடித்தது. வாயால் மட்டும், “சனிக்கிழமை சொல்றேன் மேடம்” என்றேன்.

அன்றைக்குச் சாப்பாட்டு நேரத்தில் ஜோப்பனிடம் சொன்னேன்.

“போ. இதுல யோசிக்க என்ன இருக்கு?” என்றார், மீன் முள்ளை ஒதுக்கியபடி.

“நீங்க?”

“நான் எதுக்கு?”

“குடும்ப விசா தர்றாங்களாம் இச்சாயா. ஆனா நீங்க அங்க வேலை பாக்க முடியாது.”

“வேலை கிடையாது, கள்ளு கிடையாது, பன்னி கிடையாது. அப்புறம் நான் அங்க உக்காந்து என்ன பண்ண, அலையை எண்ணவா?” என்றார். வாத்துகளை யார் பார்ப்பது என்றும் ஒரு கேள்வி போட்டார்.

அவருடைய உண்மையான பயம் வேறு. எனக்குத் தெரியாதா? நர்ஸ் மனைவியோடு அயர்லாந்து போன தம்பிச்சனைக் கள்ளுக்கடையில் ‘பொண்டாட்டி முந்தானையில முடிஞ்சுக்கிட்டுப் போனவன்’ என்று கிழித்துத் தொங்கவிடுவார்கள். அதில் முன்வரிசையில் நின்று சிரித்தவர் சாட்சாத் என் வீட்டுக்காரர்.

திருவனந்தபுரத்தில் விமானம் ஏறினால், நாங்கள் படகைப் பிடித்து ஆலப்புழை போய்ச் சேருகிற நேரம்கூட ஆகாது அந்த நாட்டுக்கு. தூரம் பிரச்சினையே இல்லை. இந்த மனுஷனை இங்கே விட்டுவிட்டு அங்கே எப்படி இருப்பது என்பதுதான் பிரச்சினை. வாரம் முழுக்க அதைத்தான் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தேன். அதற்குள்தான் ஃப்ளெக்ஸ் வந்துவிட்டது.

சாயங்காலம் படகை விட்டு இறங்கியதும் நேராக நவதாரா கிளப்புக்குப் போனேன். செயலாளர் பிரசோபன் கேரம் ஆடிக்கொண்டிருந்தான். என்னிடம் படித்தவன்தான்.

“டேய், யாரைக் கேட்டுடா கட்டினே? அவுத்துப் போடு அதை!”

“அய்யோ டீச்சர், கமிட்டி கூடி எடுத்த முடிவு. எம்எல்ஏவோட பி.ஏ. வர்றார். பந்தலுக்குச் சொல்லியாச்சு. சுண்டல்கூட ஊறப்போட்டாச்சு.”

“சனிக்கிழமைக்கு வியாழக்கிழமையேவா சுண்டல் ஊறப்போடுவீங்க?”

“சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.” தலையைச் சொறிந்தான். “எங்க மேல பாயாதீங்க டீச்சர். போட்டோ கொடுத்தது, ‘அவ போறது நிச்சயம், பெருசா கட்டுங்கடா’ன்னு சொன்னது, எல்லாம் ஜோப்பன் சேட்டன்தான்.”

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. வரப்பிலேயே ஓடினேன். ஜோப்பன் கையில் நீளக்கழியோடு வாத்துகளை வாய்க்காலிலிருந்து கரைக்கு ஏற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வாத்துகளுக்கு நடுவில் போய் நின்றுகொண்டார்.

“வெளிய வாங்க!”

“நீ கத்தினா அதுங்க கலைஞ்சிடும்டி.”

“கலையட்டும்! என்னைக் கேக்காம எப்படிக் கொடுத்தீங்க? உங்களுக்கு என்னை அனுப்பிட்டா நிம்மதியா?”

அவர் கழியைச் சேற்றில் ஊன்றினார். “உன்னைக் கேட்டா என்ன சொல்லுவேன்னு எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை வரைக்கும் போறேன்னு ஆடுவே. சனிக்கிழமை விடிஞ்சதும் ‘இச்சாயன் தனியா இருப்பாரு’ன்னு ஒரு சாக்கு. மஸ்கட்டுக்குப் பிள்ளையைச் சொன்னே. துபாய்க்கு என் அப்பனைச் சொன்னே. மூணாவது தடவை என்னால நீ நின்னேன்னு எனக்குப் பேரு வேண்டாம்.”

“அதுக்கு?”

“ஃப்ளெக்ஸ் கட்டிட்டா நம்ம ஊர்ல எவனும் பின்வாங்க முடியாது இல்ல? பென்னிச்சன் பட்ட பாடு உனக்குத் தெரியும். அதான்.” அப்புறம் மெதுவாக, “அந்தப் பசங்க கத்தினதை நானும் கதவுக்குப் பின்னால நின்னு கேட்டேன்டி. உன் முகத்தையும் பாத்தேன்” என்றார்.

கோபம் இறங்கின இடத்தில் அழுகை வந்து உட்கார்ந்துகொண்டது. “அப்போ நீங்களும் வாங்களேன்” என்றேன். அவர் வாத்துகளை ஓட்ட ஆரம்பித்தார். என்னமோ அதுகளுக்குத்தான் விசா அவசரம் என்கிற மாதிரி.

சனிக்கிழமை பந்தல் நிறைந்துவிட்டது. ஊர் மொத்தமும் நல்ல உடுப்பில் வந்திருந்தது. வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை என்று ஒருவர் விட்ட மைக்கை இன்னொருவர் பிடித்தார். நான் இறந்துபோனால்கூட இவ்வளவு நல்லது பேச மாட்டார்கள். பி.ஏ. என்னை ‘குட்டநாட்டின் கணித மேதை’ என்று சொன்னபோது ஓமனா விசிலடித்தாள். பொன்னாடை போர்த்தி, கையில் ஒரு சின்னச் சுண்டன் பந்தயப் படகுப் பொம்மையையும் கொடுத்தார்கள். நானும் வெட்கமில்லாமல் மகிழ்ந்துகொண்டிருந்தேன். ஆனால் கண் மட்டும் கடைசி வரிசைக்கே போயிற்று. அங்கே கள்ளுக்கடைக் கூட்டாளிகளுக்கு நடுவில் ஜோப்பன் உட்கார்ந்திருந்தார். அவர்கள் எல்லாரும் கைதட்டும்போது அவரும் தட்டினார், கொஞ்சம் பிந்தி.

நான் நன்றி சொல்ல எழுந்தேன். சரியாக அப்போது போன் அடித்தது. நசீமா. இன்னும் ஒரு மணி நேரம் கழித்துத்தானே கூப்பிட வேண்டும் இந்தப் பெண்!

“எடுங்க டீச்சர், எடுங்க!” என்ற பிரசோபன், நான் தடுப்பதற்குள் போனை ஸ்பீக்கரில் போட்டு மைக்குக்கு நேராகப் பிடித்துவிட்டான். நசீமாவின் குரல் பந்தலைத் தாண்டி வாய்க்காலுக்கு அக்கரை வரைக்கும் கேட்டது.

“ஷைனி மிஸ், மன்னிக்கணும், அவசரம். வர்றீங்களா இல்லையா? இல்லன்னா நான் வேற ஆள் பாக்கணும்.”

போகிறவளுக்குத்தானே விழா? இவள் இன்னும் பதிலே சொல்லவில்லையா? எல்லாரும் வாயைப் பிளந்து என்னைப் பார்த்தார்கள். யோசிக்க நேரமே இல்லை, வாய் முந்திக்கொண்டது.

“வர்றேன் மேடம்.”

சொன்னதும் எனக்குள் என்னவோ கட்டு அவிழ்ந்தது. ஐயோ, போகிறேன்! நிஜமாகவே போகிறேன்! பந்தல் அதிர்ந்தது. நசீமா சத்தம் அடங்கும்வரை காத்திருந்து, “ரொம்ப சந்தோஷம். வீடு ஒதுக்கணும். ஒரு ஆளுக்கு அறை போதுமா, குடும்பத்துக்கு வீடு வேணுமா? உங்க வீட்டுக்காரர் வர்றாரா?” என்றார்.

பிரசோபனிடமிருந்து போனைப் பிடுங்கினேன். மைக்கையும் எடுத்துக்கொண்டேன். மேடையை விட்டு இறங்கி, ஒயர் எவ்வளவு நீளுமோ அவ்வளவு தூரம் நடந்து போனேன். மிச்சத் தூரத்துக்குக் குரலைக் கொடுத்தேன்.

“இச்சாயா, உங்களைத்தான் கேக்கறாங்க. ஊர் பாக்க என்னை நிறுத்தினீங்க இல்ல? இப்ப நீங்க எழுந்து பதில் சொல்லுங்க.”

ஊரே ஒரே நேரத்தில் பின்பக்கம் திரும்பியது. ஜோப்பன் எழுந்தார். வேட்டி மடிப்பை இறக்கிவிட்டார். கள்ளுக்கடைக் கூட்டாளிகளில் ஒருவன், “முந்தானை நீளமா இருக்கா ஜோப்பா, முடிஞ்சுக்க?” என்று கத்தினான். எல்லாரும் சிரித்தார்கள். அவர் முகம் சிவந்து கறுத்தது. போச்சு, மனுஷன் உட்கார்ந்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். இவ்வளவு பேர் முன்னால் இழுத்துவிட்டிருக்கக் கூடாதோ என்று தோன்றியது.

அவர் நடந்து வந்தார். என் கையிலிருந்த போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“மேடம், ஐ ஆம் ஜோப்பன். ஈஸ்டர், டக் ஆல் சேல். தென் கமிங்.”

“வாங்க, வாங்க!” என்று சிரித்தார் நசீமா. “ஆனா இங்க உங்களுக்கு வேலை செய்ய அனுமதி இருக்காது. பொழுது எப்படிப் போகும்?”

ஜோப்பன் ஒரு தரம் கடைசி வரிசையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அத்தனை கள்ளுக்கடைக் கூட்டாளிகளுக்கும் கேட்கிற மாதிரி, மைக்கில், அழுத்தம் திருத்தமாகச் சொன்னார்:

“குக்கிங். ஷீ டீச்சிங், மீ குக்கிங்.”

கல்யாணமான இத்தனை வருஷத்தில் அந்த மனுஷன் ஒரு குவளை வெந்நீர்கூட வைத்ததில்லை. நான் பொன்னாடையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, சிரிப்பா அழுகையா என்று தெரியாமல், குலுங்கிக் குலுங்கி நின்றேன்.