வயித்துக்குத்து

மூன்று மணித்தியாலமும் பத்து நிமிடமுமாக உதயகலா அந்த வெள்ளைப் பிளாஸ்ரிக் கதிரையை விட்டு எழும்பவில்லை. எழும்பப் பயம். கறுப்புச் சல்வார்தான் போட்டிருந்தாள், என்றாலும் பயம். மாதவிடாய் வந்து இன்றைக்குப் பத்தொன்பது நாள். நிற்கவில்லை. நேற்று, வேலை செய்கிற கூட்டுறவுச் சங்கக்கடையில் மா நிறுத்துக்கொண்டிருந்தவள் தராசுக்குப் பக்கத்திலேயே மயங்கி விழுந்துவிட்டாள். டொக்டரிடம் காட்டாமல் வீட்டுக்குத் திரும்புவதில்லை என்று காலையில் பருத்தித்துறை பஸ்ஸில் ஏறும்போதே முடிவெடுத்திருந்தாள்.

பெரிய ஆஸ்பத்திரி என்றால் வரிசையில் பாதி ஊர் நிற்கும். இந்தத் தனியார் டிஸ்பென்சரியில் தெரிந்த முகம் குறைவு என்றுதான் இங்கே வந்தாள்.

வாசலில் மேசை போட்டு இருந்த கேதீஸ்வரனுக்கு டொக்டரைவிடக் குரல் பெரிது. நம்பர் துண்டு கொடுப்பது அவர்தான். வருகிறவர்களிடம் வருத்தம் என்னவென்று கேட்டு, அதைத் துண்டில் எழுதி, எழுதியதை மண்டபம் முழுக்கக் கேட்க ஒருதரம் வாசித்தும் விடுவார். காலையில் அவளிடமும் கேட்டார்.

"என்ன வருத்தம், பிள்ளை?"

"வயித்துக்குத்து."

"முப்பத்தொண்டு, வயித்துக்குத்து!"

பள்ளிக்கூடத்தில் அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. வயித்துக்குத்து என்றால் எந்த ரீச்சரும் மேலே கேட்கமாட்டார். போய்ப் படு என்று விட்டுவிடுவார். அம்மா, பெரியம்மா, கடையில் கூட வேலை செய்கிற பெண்கள், எல்லாரும் மாதவிடாய்க்கு அதைத்தான் சொல்வார்கள். எல்லாருக்கும் விளங்கும். இங்கே மட்டும் விளங்கவில்லை. போன கிழமையும் இதே சொல்லோடுதான் டொக்டரிடம் போனாள். அவருடைய அறைக்குள்ளேயே ஒரு வாங்கு. அடுத்த மூன்று பேர் அதில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவர், சங்கக்கடைக்குச் சீனி வாங்க வருகிற பிலிப்பு.

"நேரத்துக்குச் சாப்பிடுறேல்லைப் போலை," என்றார் டொக்டர், எழுதிக்கொண்டே.

"ஓம்," என்று சொல்லிவிட்டு, காஸ்ரிக் குளிசையோடு வெளியே வந்தாள். அந்த 'ஓம்' நினைவுக்கு வரும்போதெல்லாம் அவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது.

இன்றைக்கு வேறொரு கரைச்சல். டெங்குக் காலம். காய்ச்சல்காரர் முதலில் போகவேண்டும் என்று ஒழுங்கு. அதில் அவளால் பிழை சொல்ல முடியவில்லை. ஆனால் காய்ச்சல் வர வர, முப்பத்தொன்று பின்னுக்குப் போய்க்கொண்டே இருந்தது.

பக்கத்துக் கதிரையில் மீனாம்பிகை மாமி வந்து இருந்தார். உதயகலாவின் ஒழுங்கையில் மூன்றாம் வீடு. தெரிந்த முகம் என்றால் இதைவிடத் தெரிந்த முகம் இல்லை.

"என்னடி கலா, இன்னும் இருக்கிறாய்? காய்ச்சல் எண்டு சொல்லியிருக்கலாமெல்லே?"

"மாமிக்குக் காய்ச்சலோ?"

"எனக்கு முழங்கால் நோ." மாமி குரலைத் தாழ்த்தினார். "முழங்காலிலை காய்ச்சல் எண்டு வையன்."

"நாப்பது, காய்ச்சல்!"

மாமி விறுவிறென்று நடந்து போனார். அந்த நடையைப் பார்த்தால் முழங்காலிலும் ஒன்றும் இருப்பதாகத் தெரியவில்லை.

உதயகலாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததும் சூடாக ஒன்று இறங்கியது. கதிரையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். நேற்று விழமுதல் கேட்ட அதே இரைச்சல் காதுக்குள் தொடங்கியிருந்தது.

பன்னிரண்டு மணிக்குக் கேதீஸ்வரன் எழும்பிக் கையைத் தட்டினார்.

"டொக்டர் வெளிக்கிடப் போறார். இன்னும் ரெண்டு காய்ச்சல் மட்டுந்தான் பாப்பார். மற்ற ஆக்கள் நாளைக்கு வாங்கோ."

"அண்ணை, நான் எட்டு மணிக்கு வந்தனான்."

"உமக்கு வயித்துக்குத்துத் தானே, பிள்ளை? இஞ்சி போட்டு ஒரு தேத்தண்ணியைக் குடிச்சிட்டுப் படும். வயித்துக்குத்து வந்து ஆரும் செத்ததாய் நான் கேள்விப்படேல்லை."

யாரோ சிரித்தார்கள். காய்ச்சல் என்று இப்போது சொன்னால் கதவு திறக்கும். மாமிக்குத் திறந்ததுதானே. ஆனால் பொய்யைச் சொல்லிக்கொண்டு போனால் பொய்க்குத்தான் மருந்து தருவார்கள். போன கிழமைக் குளிசை இன்னும் அவளுடைய பையில் கிடந்தது.

"துண்டிலை பிழையாய்க் கிடக்கு, அண்ணை. மாத்தி எழுதுங்கோ."

"ஏன், இப்ப உமக்கும் காய்ச்சல் வந்திட்டுதோ?"

இந்தமுறை நிறையப் பேர் சிரித்தார்கள். மருந்துப் பையோடு வெளியே வந்த மாமி, அவளுடைய முகத்தைப் பார்த்ததும் கிட்ட வந்து குனிந்தார்.

"என்ன பிள்ளை? என்ரை காதுக்குள்ளை சொல்லு. நான் அவரிட்டை மெல்லமாய்ச் சொல்லிவிடுறன்."

"வேண்டாம் மாமி. மெல்லமாய்ச் சொல்லித்தான் இவ்வளவும்."

உதயகலா எழும்பினாள். கதிரையைத் திரும்பிப் பார்க்கவில்லை. மேசைவரை நடந்து, அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, கேதீஸ்வரன் வாசிக்கிற அதே மாதிரி, மண்டபம் முழுக்கக் கேட்க வாசித்தாள்.

"முப்பத்தொண்டு. மாதவிடாய் வந்து பத்தொம்பது நாள். ரத்தம் நிக்கேல்லை!"