தொண்ணூற்றிரண்டாயிரம் வொன்

காலை எட்டு முப்பத்தொன்றுக்கு யூரிம் குளியலறைக் கதவைத் தாழிட்டாள். குழாயைத் திறந்துவிட்டாள். கைப்பேசியை எடுத்தாள்.

ஐந்து மாதத்துக்கு முன் கணவன் சங்கூவின் கண்ணெதிரே அழித்த பங்குச்சந்தைச் செயலி, நேற்று மாலை மறுபடி அதில் குடியேறியிருந்தது.

மிருநெக்ஸ். அவள் ஆறு வருடம் ராப்பகலாக உழைத்த கொரிய சிப் நிறுவனம். அதன் பங்கு நேற்று ஒரே நாளில் முப்பது சதவீதம் ஏறி, நாற்பத்தொன்பதாயிரத்து நானூறு வொன்னில் நின்றிருந்தது. ஒரு நாளைக்கு அதற்கு மேல் ஏற விதி இடம் கொடுக்காது. சந்தை திறக்க இன்னும் இருபத்தொன்பது நிமிடம். அதுவரை ஆர்டர் போடலாம், மாற்றலாம், ரத்து செய்யலாம். ஒன்பது அடித்துவிட்டால் போட்டது போட்டதுதான்.

திரையில், ஏற்றத்தைக் காட்டும் சிவப்பு எண் ஒன்று துள்ளிக்கொண்டிருந்தது. திறக்கும்போது இருக்கக்கூடிய விலை. அறுபத்து நாலாயிரத்து இருநூறு. இன்றைக்கும் முப்பது சதவீதம்.

கதவு தட்டப்பட்டது.

"யூரிம், உள்ள ஆறு ஏதாவது ஓடுதா? தண்ணி பில்லு கட்டறவன் கேக்கறேன்."

"ரெண்டு நிமிஷம்."

"முளைப்பயறு சூப் அடுப்புல இருக்கு. சாப்பிடாம திரும்பப் படுத்துக்காதே. நான் கிளம்பறேன், இன்னிக்கு ஏழு பேருக்குப் பல்லு."

சங்கூ பல் மருத்துவமனைகளுக்குப் பொய்ப்பல் செய்து தருகிறவன். அவன் ஷூ மாட்டும் சத்தம், பிறகு வாசற்கதவு பூட்டும் 'டிரிங்'. அவள் குழாயை மூடினாள்.

வங்கிக் கணக்கில் இரண்டு கோடியே நாற்பது லட்சம் வொன் இருந்தது. வேலையை விட்டபோது வந்த பணத்தின் மிச்சம். சிக்கனமாக இருந்தால் இன்னும் ஒரு வருடம் ஓடும். அந்த ஒரு வருடத்தைத்தான் மருத்துவர் கேட்டிருந்தார். "இதே மாதிரி வேலைக்கு ஒரு வருஷத்துக்குள்ள திரும்பிப் போனீங்கன்னா, அடுத்த தடவை நடந்து வர மாட்டீங்க." போன அக்டோபரில் ஒருநாள், லிஃப்டில் ஏறியவளுக்குத் தன் மாடி எதுவென்று மறந்துபோனது. நாற்பது நிமிடம் மேலும் கீழுமாகப் போய்வந்து கொண்டிருந்தாள். காவலாளிதான் கையைப் பிடித்து இறக்கினார்.

இப்போது தூக்கம் திரும்பியிருக்கிறது. இரவு பதினொன்றுக்குப் படுத்தால் காலை ஆறு. போன மாதம்தான் ஆரம்பித்தது. நேற்றிரவு மட்டும் இல்லை.

எட்டு நாற்பது. மொத்தப் பணத்துக்கும், அன்றைக்குப் போக முடிந்த உச்ச விலையில், முந்நூற்று எழுபத்து மூன்று பங்குகள். ஆர்டரைப் போட்டாள்.

கைப்பேசி அதிர்ந்தது. தாபின்.

தாபின் அவளுடைய பழைய குழுவில் இளையவள். யூரிம் வேலையை விட்ட பிறகும் வாரம் ஒருமுறை கூப்பிடுகிற ஒரே ஆள்.

"அக்கா, பேசலாமா? நான் படிக்கட்டுல நிக்கறேன்."

"என்ன, பங்கு ஏறினதைக் கொண்டாடறியா?"

"கொண்டாட நேரம் எங்க இருக்கு? மூணு வாரமா ஆபீஸ்லயே படுக்கறோம். வீட்டுல பூனை என்னைப் பாத்து சீறுது, யாரோ திருடின்னு." சிரித்தாள். சிரிப்பு சட்டென்று நின்றது. "அக்கா, ஒண்ணு கேக்கணும். ராஜினாமாக் கடிதத்துல காரணம்னு என்ன எழுதினீங்க?"

யூரிம் கைப்பேசியைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"ஏன்?"

"கையில வச்சிருக்கேன். ஒன்பது மணிக்கு மனிதவளத்துல கொடுக்கப்போறேன். நேத்தே மூணு பேர் கொடுத்தாச்சு. நம்ம ஊழியர் பங்கு ஆகஸ்ட் வரைக்கும் பூட்டித்தானே இருக்கு? வேலைய விட்டாத்தான் கைக்கு வரும். விலை இருக்கறப்பவே வெளிய வந்து வித்துடணும்." குரல் தாழ்ந்தது. "அக்கா மாதிரி. நீங்க தொண்ணூத்திரெண்டாயிரத்துல வித்தீங்களே, டீம்ல இன்னும் அதைத்தான் பேசறாங்க."

எட்டு நாற்பத்தேழு.

தொண்ணூற்றிரண்டாயிரம். அந்த எண்ணை யூரிம் ஐந்து மாதமாக மென்றுகொண்டிருக்கிறாள்.

போன ஆகஸ்டில் மிருநெக்ஸ் சந்தைக்கு வந்தது. ஊழியர்கள் எல்லாரும் கடன் வாங்கி, ஒரு பங்கு முப்பத்தைந்தாயிரத்துக்கு வாங்கினார்கள். அவள் வாங்கியது ஆயிரம். அக்டோபரில் விலை தொண்ணூற்றிரண்டாயிரத்தைத் தொட்ட அன்று அவள் கடிதத்தைக் கொடுத்தாள். களைப்பு பொய்யில்லை, லிஃப்ட் பொய்யில்லை. ஆனால் கொடுக்கும் நாளைத் தேர்ந்தெடுத்தது விலைதான். மாலையில் குழுவினர் கேட்டபோது, "தொண்ணூத்திரெண்டுல தப்பிச்சேன்" என்று சிரித்தாள். கடிதம் கொடுத்த கையோடு பங்கு கைக்கு வந்துவிடும் என்றுதான் அவளும் நினைத்திருந்தாள்.

வரவில்லை. கையெழுத்து, கடன் கணக்கு, பங்குகளைப் பூட்டி வைத்திருக்கும் காப்பகத்தின் அனுமதி. அதற்குள் ஐந்து வாரம். கைக்கு வந்த அன்று விலை நாற்பத்தோராயிரம். கண்முன்னே ஐந்து கோடியே பத்து லட்சம் வொன் கரைந்து போயிருந்தது. அவள் போட்ட காசில் ஒன்றும் குறையவில்லை, கொஞ்சம் லாபம்கூட உண்டு. இருந்தும் வழிப்பறியில் பறிகொடுத்தவள் மாதிரிதான் நடமாடினாள். யாரிடமும் சொல்லவில்லை. உச்சத்தில் விற்ற சாமர்த்தியசாலி என்ற பெயரைத் திருத்த வெட்கமாக இருந்தது.

"அக்கா? லைன்ல இருக்கீங்களா?"

"தாபின், நான் தொண்ணூத்திரெண்டுல விக்கல."

"என்ன?"

"கடிதம் கொடுத்ததுதான் அந்த விலையில. பங்கு கைக்கு வர அஞ்சு வாரம் ஆச்சு. நாப்பத்தொண்ணுல வித்தேன். உங்ககிட்ட எல்லாம் பொய் சொன்னேன்."

மறுமுனையில் யாரோ படியிறங்கும் காலடிச் சத்தம். அது போய் முடிகிறவரை தாபின் பேசவில்லை.

"அஞ்சு வாரமா?"

"இன்னிக்கு நீ பாக்கற விலைக்கும் உனக்கும் சம்பந்தமே இல்லை. அஞ்சு வாரம் கழிச்சு என்ன இருக்கோ அதுதான் உனக்கு."

"இதை முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல அக்கா? நேத்து போன மூணு பேரும் உங்களைச் சொல்லித்தான் போனாங்க." கோபத்தில் குரல் உடைந்தது.

"தெரியும். தப்பு என்னோடதுதான். அவங்களையும் நானே கூப்பிட்டுச் சொல்றேன்."

எட்டு ஐம்பத்து மூன்று.

"ஒண்ணு மட்டும் சொல்லு. இந்தப் பங்கே இல்லைன்னு வச்சுக்கோ. அப்பவும் இந்தக் கடிதத்தைக் கொடுப்பியா?"

"கொடுப்பேன்," என்றாள் தாபின். அழுதுகொண்டிருந்தாள். "நேத்து பல் தேய்க்கறப்ப வாந்தி வந்துச்சு. கண்ணாடில பாத்தா யாரோ மாதிரி இருந்துச்சு. அம்மாகிட்ட சொன்னா, எல்லாரும் அப்படித்தான் வேலை பாக்கறாங்கன்னு சொல்றாங்க."

"அப்ப கொடு. உடம்பு முடியலைன்னு எழுது. விலைக்காகக் கொடுக்காதே. விலைக்காகக் கொடுத்தா, வெளிய வந்தும் அதையே பாத்துக்கிட்டிருப்பே. நான் பாத்துக்கிட்டிருக்கற மாதிரி."

சொல்லி முடித்த பிறகுதான் தன் வாயிலிருந்து வந்தது என்னவென்று யூரிமுக்கே உறைத்தது.

தாபினிடம் கேட்ட கேள்வியைத் தன்னிடமும் கேட்டாள். தொண்ணூற்றிரண்டாயிரம் என்ற எண்ணைப் பார்த்தே இராத யாரோ ஒருத்தி, தன் ஒரு வருட ஓய்வு முழுவதையும் நேற்று முப்பது சதவீதம் ஏறிய ஒரே பங்கில் போடுவாளா? அந்த நிறுவனத்தின் சிப்பைச் செய்து கொடுக்கிறவர்களே மூன்று வாரமாக வீட்டுக்குப் போகாமல், ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டிருக்கும்போது?

"அக்கா, மணி ஆகுது. நான் உள்ள போறேன்."

"போ. வெளிய வந்ததும் கூப்பிடு."

எட்டு ஐம்பத்தெட்டு. சிவப்பு எண் அறுபத்து நாலாயிரத்து இருநூறில் அசையாமல் நின்றது. வாங்கத் துடிப்பவர்களின் வரிசை லட்சக்கணக்கான பங்குகளுக்கு நீண்டிருந்தது. ரத்து என்ற பொத்தானை அழுத்தினாள். 'உறுதியா?' என்று கேட்டது செயலி. அவளிடம் உறுதி ஒன்றும் இல்லை. ஆனாலும் அழுத்தினாள்.

ஒன்பது அடித்தது. விலை உச்சத்தில் திறந்தது. ஒன்பதரைக்குக் கொஞ்சம் சரிந்து, பத்து மணிக்கு மறுபடி உச்சத்துக்கே போனது. அவள் வரவேற்பறைத் தரையில் உட்கார்ந்து அத்தனையையும் பார்த்தாள். நெஞ்சு வலித்தது, நிஜமாகவே. பத்தேகாலுக்குச் செயலியை அழித்துவிட்டு சங்கூவைக் கூப்பிட்டாள்.

"மிருநெக்ஸ் வாங்க ஆர்டர் போட்டேன்."

ஏதோ உலோகம் மேஜையில் வைக்கப்படும் சத்தம்.

"எவ்வளவுக்கு?"

"எல்லாத்துக்கும். ஒன்பதுக்கு ரெண்டு நிமிஷம் இருக்கறப்ப ரத்து பண்ணிட்டேன். தொண்ணூத்திரெண்டுல வித்தேன்னு உன்கிட்ட சொன்னதும் பொய். அந்தக் காசுல மீதி எல்லாம் பங்கு வாங்கின கடனுக்குப் போச்சுன்னு சொன்னதும் பொய்."

"இப்ப ஏறுதா, இறங்குதா?"

"ஏறுது."

"அடக் கடவுளே," என்றான் சங்கூ மெதுவாக. பிறகு, "சூப் சாப்பிட்டியா?"

"இல்லை."

"முதல்ல சாப்பிடு. சாயங்காலம் வந்து சண்டை போடறேன். நிறைய சண்டை இருக்கு. இப்ப ஒரு தாத்தா பல்லில்லாம வாயைப் பொத்திக்கிட்டு உக்காந்திருக்காராம், போன் மேல போன் வருது."

அடுப்பைப் பற்றவைத்தாள். சூப் சூடாவதற்குள், நேற்று கடிதம் கொடுத்த மூவரில் முதல் ஆளின் எண்ணைத் தேடினாள்.