அத்தை வைத்த பூ

பிள்ளை பிறந்து தீட்டுக் கழித்த பிறகும் இசைவாணியின் இடது மார்பில் இருந்த கட்டி கரையவில்லை. மாசமாக இருக்கும்போதே வந்தது. "பால்கட்டுத்தான்த்தா. புள்ள வாய வச்சா ஓடிரும்" என்று மாமியார் அய்யம்மாள் அடித்துச் சொல்லிவிட்டாள். பட்டாசுக் கம்பெனியில் வெடிக்குத் திரி சொருகுகிறவள், எம்.புதுப்பட்டியில் முளைக்கிற பச்சிலை ஒன்று விடாமல் அரைத்துப் பற்றுப் போட்டாள். பிள்ளையும் வாய் வைத்தது. கட்டிதான் வளர்ந்தது.

சதை எடுத்துச் சோதித்த மதுரை டாக்டரம்மா, இது லிம்போமா என்கிற புற்றுநோய், மார்பில் வருவது ரொம்ப அபூர்வம், மருந்து ஏற்றினால் கேட்கும், ஆனால் இனிமேல் பால் கொடுக்கக் கூடாது என்றார். ஊர் திரும்பிய அய்யம்மாள் குழாயடியில் நின்று, "லட்சத்துல ஒருத்திக்குக்கூட வராதாம். எம் மருமகளுக்கு வந்திருக்கு!" என்றாள், என்னவோ கலெக்டர் கையால் மெடல் வாங்கியதுபோல. வீட்டுக்குள் வந்து முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுததை இசைவாணி மட்டும்தான் பார்த்தாள்.

பால் வற்ற மார்பில் மல்லிகை கட்ட வேண்டும். எதற்கென்று தெரியாமலே பை நிறையப் பூ வாங்கி வந்த புருஷன் பாண்டிராஜ், "ஆஸ்பத்திரிக்கு இம்புட்டுப் பூவையும் தலையில வச்சுக்கிட்டா போவ?" என்று மிரண்டுபோய்க் கேட்டான்.

"ஏலே, ஒனக்கு வெவரம் பத்தாது. வெளிய போ" என்று விரட்டினாள் அய்யம்மாள்.

அன்றிலிருந்து பிள்ளைக்கு அந்த வாசம்தான் அம்மா. மல்லிகை மணக்கும் அவள் மடியில் கிடந்தால் பாட்டிலைக் குடிக்கும். வேறு யார் எடுத்தாலும் வீல் என்று கத்தும்.

"நான் அங்கன போய்ப் படுத்துட்டா இது பட்டினி கெடக்கும். நான் போகலத்தே."

"போகாம ஒனக்கு ஒண்ணு ஆயிட்டா, அப்ப மட்டும் குடிக்குமாக்கும்? கெளம்புத்தா. நான் பாத்துக்கிறேன்."

முதல் மருந்து ஏறி, வாயெல்லாம் இரும்பு ருசியோடு இசைவாணி ஊர் திரும்பினாள். தெருமுனையிலேயே காது பிள்ளையின் அழுகையைத் தேடியது. சத்தமே இல்லை. இருக்கிற தெம்பையெல்லாம் கூட்டி நடந்தாள்.

பக்கத்து வீட்டு ராக்காயி வாசலில் நின்று விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள். "என்ன மதினி, இந்த வயசுல புதுப்பொண்ணு கணக்கா மணக்குறீக!"

உள்ளே அய்யம்மாள். புருஷன் செத்ததிலிருந்து பூவே வைக்காதவள், ஜாக்கெட்டுக்குள் முழப்பூவைத் திணித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிள்ளை அவள் நெஞ்சில் முகத்தைச் சாய்த்துப் பாட்டிலை மொடக் மொடக்கென்று குடித்துக்கொண்டிருந்தது.

"சிரிக்காதடி ராக்காயி, குடிக்கிறத நிறுத்திரும்" என்றவள், மருமகளைக் கண்டதும் வெட்கத்தில் முந்தானையை அவசரமாக இழுத்துப் போர்த்தினாள். அதையும் மீறி உதிர்ந்த ஒரு மல்லிகை, பிள்ளையின் கன்னத்தில் பாலோடு ஒட்டிக்கொண்டிருந்தது.