கோழிக்கூடு தூக்கியவர்

மொன்றியலில் வீடு மாறுவதற்கென்றே ஒரு நாள் இருக்கிறது: யூலை முதலாம் திகதி. வாடகை ஒப்பந்தங்களில் அநேகமானவை யூன் முப்பதோடு முடிவதால் பாதி நகரம் அன்று கட்டிலும் கையுமாகத் தெருவில் நிற்கும். நாங்கள் வெளியேறினால்தான் அடுத்தவர் உள்ளே வரலாம். அவர் விட்டுவந்த வீட்டுக்கு இன்னொருவர் காத்திருப்பார். ஓரிடத்தில் இறுகினால் எல்லா இடமும் இறுகும்.

1986இல் அப்படி இறுக்கியது றோசலின் அக்காவின் தையல் மெஷின்.

அது வீட்டு மெஷின் அல்ல, தொழிற்சாலை மெஷின். வெட்டிய துணியைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து போடுவார்கள். அக்கா வீட்டிலிருந்தபடியே காற்சட்டைப் பொக்கற்றுகள் தைத்துக் கொடுப்பா. மெஷின் தொழிற்சாலைக்குச் சொந்தம். பழுதாக்கினால் வேலையையும் எடுத்து வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். அவவின் கணவர் பேனாடுக்கு மூன்று மாதமாக வேலை இல்லை. ஆகவே அந்த மெஷின் விழுந்தால் அவர்கள் வீட்டு உலையும் சேர்ந்து விழும்.

விழுவதற்கு வசதியாக ஒரு படியும் இருந்தது. மொன்றியலில் மேல்மாடிப் படி பெரும்பாலும் வீட்டுக்கு வெளியேதான். உள்ளே இடம் மிச்சம், சூடேற்றும் செலவும் மிச்சம். முன்முற்றம் சின்னது என்பதால் அது நேரே இறங்காமல் சங்கு மாதிரிச் சுழன்று இறங்கும். மனிதர் சுழலலாம். மெஷின் பொருத்திய நாலடி மேசை சுழலாது.

காலை பத்து மணிக்கு பேனாடும் சாமான் தூக்க வந்திருந்த கனகசிங்கமும் நானும் மெஷினைத் தூக்கிக்கொண்டு நாலு படி இறங்கினோம். ஐந்தாவதில் மேசை கைபிடிக் கம்பியில் சிக்க, பாரம் முழுவதும் கீழே நின்ற என் நெஞ்சில் சரிந்தது. "ஐயோ மாதாவே!" என்று அக்கா கத்தினா. அந்தச் சத்தத்துக்குப் பயந்தே அதைத் திரும்ப மேலே ஏற்றிவிட்டோம்.

புதிதாகக் குடிவரும் பிரெஞ்சுக் குடும்பம் தங்கள் சோபாவை நடைபாதையில் போட்டு, அதிலேயே வரிசையாக உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த மனிதர் மணிக்கூட்டைத் தட்டிக் காட்டினார். பன்னிரண்டு மணிவரைதான் எங்களுக்கு நேரம்.

அந்த நேரம் பார்த்து, எங்களோடு உதவிக்கு வந்திருந்த ஞானேந்திரன் அண்ணை வாயைத் திறந்தார்.

"ஜாவாவிலை நாங்கள் ஒரு வீட்டையே தூக்கினனாங்கள்."

"துவங்கீட்டார்," என்றான் கனகசிங்கம். "அண்ணை, உங்கடை ஜாவா எங்களுக்குச் சாவாப் போச்சு."

அண்ணை முன்பு ஒரு கிரேக்கக் கப்பலில் வேலை செய்தவர். காய்ச்சலில் விழுந்தபோது கப்பல் அவரை ஜாவாத் துறைமுகம் ஒன்றில் இறக்கிவிட்டுப் போய்விட்டது. கூட வேலை செய்து, அவரோடு அங்கேயே இறங்கிய வாகியோ என்பவன் தன் கிராமத்துக்குக் கூட்டிப்போய் ஏழு மாதம் வைத்திருந்தான். அந்த ஏழு மாதத்தை அண்ணை இங்கே மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டுக்கு ஒரு மண்ணெண்ணெய் விளக்கு. மலையூற்றுத் தண்ணீர் பிளந்த மூங்கில் வழியே ஓடி வாசலுக்கே வரும். மீன் வளர்க்கும் குட்டைக்கு மேலேதான் கக்கூசு. அந்த மீனைப் பொரித்துத்தான் விருந்தாளிக்கு வைப்பார்கள். எதையும் வீணாக்காத ஊர். இந்த மீன் கதையை மட்டும் அண்ணை நாங்கள் சாப்பிட உட்கார்ந்த பிறகுதான் எடுப்பார்.

"வீட்டை எப்பிடியண்ணை தூக்கிறது?" என்று நான் கேட்டுவிட்டேன். ஒன்று எப்படி நடக்கிறது என்று தெரியாவிட்டால் எனக்கு நித்திரை வராது. கனகசிங்கம் என்னை முறைத்தான்.

"அங்கை தூணை மண்ணுக்கை நடுறேல்லை. ஒவ்வொரு தூணும் ஒரு கல்லுக்கு மேலை சும்மா நிக்கும். சுவர் மூங்கில் தட்டி. வாகியோவின்ரை தமக்கையின்ரை வீட்டை ஆறு அரிக்கத் துவங்கீட்டுது. மேட்டுக்குக் கொண்டுபோக ஊரே வந்தது. கூலி இல்லை, சோறும் தேத்தண்ணியும்தான். நாளைக்கு அவையின்ரை வீட்டுக்கு இவை போவினம். தூணுக்குத் தூண் குறுக்கை மூங்கிலைக் கட்டி, அறுபது பேர் தோளிலை வைச்சு…"

"அதிலை நீங்கள் எந்தத் தூண்?" என்றான் கனகசிங்கம்.

அண்ணை இருமினார்.

"எந்தத் தூண் எண்டு கேக்கிறன்."

"எனக்குக் காய்ச்சல் விட்ட கையோடை…"

"ம்?"

"கோழிக்கூட்டைப் பிடிச்சுக்கொண்டு நிக்கச் சொன்னவை."

பேனாட் படியிலேயே குந்திவிட்டார். "மூண்டு வரியமா 'நாங்கள் தூக்கினனாங்கள்' எண்டியளே, கோழியளையும் சேத்தோ?" என்று கனகசிங்கம் வயிற்றைப் பிடித்துக்கொண்டான். ஒரு சொல்லும் விளங்காத பிரெஞ்சுக் குடும்பமும் சோபாவிலிருந்து சிரித்தது.

றோசலின் அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

"விடுங்கோ. தூக்கினவைக்கு முன்னாலை நிண்டவன்ரை முதுகுதான் தெரிஞ்சிருக்கும். கூட்டோடை நிண்டவர்தான் முழுக்கப் பாத்திருப்பார். அண்ணை, அவை முதல் முதல் என்ன செய்தவை?"

"ஓட்டைக் கழட்டினவை, பிள்ளை. வீட்டின்ரை பாரமெல்லாம் கூரையிலைதானே."

அக்கா மெஷினைத் திரும்பிப் பார்த்தா.

"கழட்டக் கூடாது," என்றார் பேனாட் அவசரமாக. "தொழிற்சாலை மெக்கானிக் என்ன சொன்னவன்? கை வைச்சால் தான் பொறுப்பில்லை எண்டெல்லோ சொன்னவன்."

"ஓம். அதை விழுத்தினால் மட்டும் அவன் பொறுப்போ?"

சொல்லிவிட்டு உள்ளே போய் ஸ்க்ரூட்றைவரோடு வந்தா. பெல்ற்றைச் சில்லிலிருந்து நழுவவிட்டா. மெஷினின் தலை இரண்டு கொளுக்கிகளில்தான் இருக்கிறது. பின்னுக்குச் சாய்த்துத் தூக்கினால் பிணைச்சலிலிருந்து கதவு கழன்று வருவதுபோல வந்துவிடும். மேசைக்கடியில் மோட்டார். அதைக் கழற்றுவதற்கு முன் துணியில் கோடுபோடும் வெண்கட்டியால் அது இருந்த இடத்தைச் சுற்றிக் கோடு போட்டா. கோடு நேராகவே விழுந்தது. கடைசியாக மேசையின் கால்கள். ஆணிகளையெல்லாம் ஒரு பால்மா ரின்னில் போட்டு ஞானேந்திரன் அண்ணையிடம் நீட்டினா.

"இந்தாங்கோ அண்ணை, உங்கடை கோழிக்கூடு."

அவர் அதை இரண்டு கையாலும் வாங்கினார்.

"அங்கை தூக்கேக்கை ஆர் கணக்குச் சொன்னது?" என்று அக்கா கேட்டா.

"வீட்டுக்காரிதான். சிஜி, லோரோ, தெலு. ஒண்டு, ரெண்டு, மூண்டு."

அக்கா நடைபாதையில் இறங்கி நின்று, படி முழுவதும் தெரியும் இடமாகப் பார்த்து, "சிஜி!" என்றா. நாங்கள் தூக்கினோம். "லோரோ, தெலு!" என்ற கணக்குக்கு ஒவ்வொரு படியாகத் தலை இறங்கியது, மோட்டார் இறங்கியது, காலில்லாத மேசை நிமிர்ந்து நின்றபடி சுழன்று இறங்கியது. பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது பிரெஞ்சுக்காரரின் சோபா மேலே ஏறத் தொடங்கியது. சோபாவுக்கும் அவர்களின் சின்ன மகள் "சிஜி, லோரோ" சொல்லிக்கொண்டிருந்தாள்.

இரண்டு தெரு தள்ளியிருந்த புது வீட்டில் வெண்கட்டிக் கோட்டுக்குள் மோட்டாரை வைத்துப் பூட்டினோம். எல்லாம் முடிந்ததும் கனகசிங்கம் ரின்னை ஆட்டினான். ஏதோ கிலுங்கியது.

ஒரு ஸ்க்ரூ ஆணி மிஞ்சியிருந்தது.

பேனாட் மேசைக்கடியில் தவழ்ந்து தேடிவிட்டு வெறுங்கையோடு வெளியே வந்தார். அக்கா சிலுவை போட்டுக்கொண்டு, பொக்கற்றுத் துணி இரண்டை ஊசியின் கீழ் வைத்து மிதித்தா. மெஷின் சீறியது. தையலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தா. நேராக இருந்தது. இரண்டு பக்கமும் பிடித்துப் பலமாக இழுத்தா. தையல் விடவில்லை.

பிறகுதான் ஞானேந்திரன் அண்ணையைப் பார்த்தா.

"அண்ணை, அங்கை எல்லாம் குறையாமல் வந்து சேந்ததோ?"

அண்ணை கனகசிங்கம் நிற்கும் பக்கத்தை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஒரு கோழி குறைஞ்சது."

"இஞ்சை ஒரு ஆணி கூடிப்போச்சு," என்றா அக்கா. "அப்ப சரி." அடுத்த பொக்கற்றை எடுத்தா.