காவடி லொறியின் ஒழுக்கு

நான் இயல்பிலேயே பயந்தவன். லொறிக்காரன் பயப்படலாமா என்று கேட்பவர்களிடம், ஏறி ஓடிப் பாரும் என்று திறப்பை நீட்டிவிடுவேன். ஆனால் அன்று காலை பத்து மணிக்கு இணுவில் வீதியில் பயந்த பயம் வேறு. இன்னொரு தரம் அப்படிப் பயந்தால் இந்த நெஞ்சு தாங்காது.

என்னுடையது முப்பத்தெட்டு வருசப் பழைய யப்பான் லொறி. கபினுக்கு மேலால் நீட்டு மரமொன்று கட்டி, அதன் முன் நுனியில் என் மனைவி கஜானியின் தம்பி கோகுலன் முருகன் கோயிலுக்குத் தூக்குக்காவடியில் தொங்கிக்கொண்டிருந்தான். முதுகிலும் காலிலும் எட்டுச் செடில். கொளுக்கி குத்திய இடமெல்லாம் தோல் மேலே இழுபட்டு நின்றது. நேர்த்தி எனக்காகத்தான். போன கார்த்திகையில் எனக்கு நெஞ்சை வெட்டி ஒப்பறேசன் செய்தபோது, அத்தான் பிழைத்தால் காவடி எடுக்கிறேன் என்று முருகனிடம் சொல்லிவிட்டான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு கட்டி கற்பூரம் போதும் என்றிருப்பேன்.

நடை வேகத்தில் ஓட வேண்டும். பிறேக்கைச் சட்டென்று மிதித்தால் கிழிவது அவன் தோல். அதற்குள் லொறி வேறு மூன்று கிழமையாக எஞ்சின் ஒயில் ஒழுக்கிக்கொண்டிருந்தது. ஐந்துசந்தியில் கராஜ் வைத்திருக்கும் முத்தலிப் எஞ்சினை மண்ணெண்ணெயால் கழுவித் துடைத்து, முகத்துக்குப் பூசும் பவுடரைத் தூவி, எங்கே நனைகிறது என்று பார்த்தான். முதலில் மேல்மூடியில் நனைந்தது. இடையில் வைக்கும் பெக்கிங்கை மாற்றினான். பிறகு அடியில் ஒயில் நிற்கும் சம்பில் நனைந்தது. அதையும் மாற்றினான். அடுத்த நாள் முன்பக்க ஒயில் சீலால் வந்தது.

"ஒண்டை அடைச்சா மற்றதாலை வருது. உள்ளுக்கை ஏதோ போட்டுத் தள்ளுது அண்ணை. பிஸ்டன் றிங் தேஞ்சிருக்கும், எஞ்சினைக் கழட்டோணும்" என்றான்.

"திருவிழா முடியட்டும்" என்றேன். நான் செய்த முதல் முட்டாள்தனம் அதுவல்ல. முதலாவது என்னவென்று அப்போது எனக்கே நினைவில்லை.

அன்று இணுவில் சந்தி தாண்டியதும் காலடியில் கருகல் மணம் வந்தது. பிறகு சீற்றின் இடுக்கால் நீலப் புகை. சூடான புகைபோக்கிக் குழாயில் ஒயில் விழுகிறது என்று விளங்கியது. நெருப்புப் பிடித்தால் முதலில் பிடிப்பது கபின். கபினுக்கு முன்னால், ஓர் ஆள் உயரத்தில் கோகுலன்.

பிறேக்கைத் தொடவே பயமாக இருந்தது. கியரைக் கழற்றி, லொறி தானாக ஊர்ந்து நிற்குமட்டும் விட்டேன். கோகுலன் ஒரு தரம் முன்னே ஆடிப் பின்னே வந்தான். எஞ்சினை நிறுத்தினேன். மேளம் நிற்கவில்லை.

பின்னால் வீதியில் விழுந்து விழுந்து கும்பிட்டு அடியழித்துக்கொண்டு வந்த கஜானி எழும்பி ஓடி வந்தாள். "என்ன புகையுது? இஞ்சேருங்கோ, தம்பியை இறக்குங்கோ!"

இறக்குவதென்றால் மரத்தைச் சாய்க்க வேண்டும். மரமோ கபினோடு கட்டியிருந்தது. நாலு பேர் சேர்ந்தாலும் அரை மணித்தியாலம் பிடிக்கும். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கோகுலனின் கால் செடிலில் இரத்தம் கசிவது தெரிந்தது. முத்தலிப்புக்கு போன் எடுத்தேன்.

"தண்ணி ஊத்தாதேங்கோ. ஈரச்சாக்காலை புகைக் குழாயைப் பொத்திப் பிடியுங்கோ, புகை அடங்கும். பிறகு ஒயில் அளக்கிற கம்பியை இழுத்துப் பாருங்கோ."

புகை அடங்கியது. கம்பியை இழுத்தேன். "அடி நுனியிலை நிக்குது."

"ஒரு நிமிசம் ஓட அது காணும். ஸ்ராட் பண்ணி, ஒயில் ஊத்திற மூடியைக் கழட்டுங்கோ."

"ஸ்ராட் பண்ணவோ? ஆள் தொங்குது முத்தலிப்!"

"பாக்காமல் ஓடினாத்தான் அண்ணை ஆபத்து."

ஸ்ராட் பண்ணினேன். லொறி குலுங்க மரம் குலுங்கியது, மரம் குலுங்கக் கோகுலன் பல்லைக் கடித்தான். சீற்றைத் தூக்கி மூடியைத் திருகினேன். அது கையிலிருந்து துள்ளி விழுந்து, சூடான காற்றும் ஒயிலும் முகத்தில் அடித்தன. எஞ்சினை உடனே நிறுத்தினேன்.

"காத்து அடிக்குது! மூஞ்சையிலை அடிக்குது!"

"இவ்வளவு காத்து றிங் தேஞ்சு வராது. எஞ்சின் மூச்சு விடுற றப்பர் குழாய் கீழை தொங்குமே, அது அடைபட்டிருக்கோ பாருங்கோ."

குனிந்து பார்க்க வேண்டியிருக்கவில்லை. அந்தக் குழாய் எப்போதும் சொட்டுச் சொட்டாக ஒயில் விடும். போன வருசம் வேறொருவரின் காவடிக்கு ஓடியபோது அந்தச் சொட்டு வீதியில் விழுந்து, அடியழித்து வந்த ஒரு பிள்ளையின் நெற்றியில் கறுப்பாக ஒட்டிவிட்டது. கோயில் வீதியை ஊத்தையாக்குகிறீர் என்று ஒருவர் ஏசினார். இந்த முறை நம்முடைய காவடி அல்லவா? மூன்று கிழமைக்கு முன் லொறியைக் கழுவும்போது வேட்டித் துணியொன்றைச் சுருட்டி, வெளியில் தெரியாமல் அந்தக் குழாய்க்குள் விரலால் இறுக்கி அடைத்தேன். பக்தியோடுதான் அடைத்தேன். அடைத்ததை மறந்தும் போனேன்.

"அது... நான்தான் அடைச்சனான். வீதியிலை சொட்டக்கூடாதெண்டு."



"மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதை அண்ணை" என்றான் முத்தலிப். "போற வழி இல்லாட்டி உள்ளுக்கை இருக்கிற காத்து ஒயிலையும் தள்ளிக்கொண்டு கண்ட இடத்தாலை வரும். நான் ரெண்டு பெக்கிங் மாத்தினன். எனக்கும் விசர்தான். துணியைப் பிடுங்குங்கோ."

லொறிக்கு அடியில் புகுந்து பிடுங்கினேன். துணியைச் சட்டைப்பையில் திணித்தேன். வெறும் பால்மா ரின் ஒன்றைக் கம்பியால் குழாயின் கீழே கட்டினேன். முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை அதுதான். கூட வைத்திருந்த ஒயிலை ஊற்றி, மூடியை இறுக்கி ஸ்ராட் பண்ணினேன். ரின்னுக்குள் சொட்டியது. வேறு எங்கும் புதிதாக வரவில்லை. கஜானி திரும்பிப் போய் வீதியில் நெற்றியை வைத்தாள். கோயில் வாசல்வரைக்கும் நான் முருகனைக் கும்பிடவில்லை. புகை வருகிறதா என்று மட்டுமே பார்த்துக்கொண்டு ஓடினேன்.

அங்கே கோகுலனை இறக்கி, செடில் கழற்றி, முதுகில் திருநீறு அப்பினார்கள். தேசிக்காய்த் தண்ணி குடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டான்.

"சந்தியிலை நிண்டனியள், என்ன அத்தான்? சனம் கத்தின சத்தம் கேட்டது. ஆனா நான் பயப்படேல்லை. நீங்கள்தானே ஓடுறியள் எண்டு கண்ணை மூடிக்கொண்டு கிடந்தன்."

சட்டைப்பையிலிருந்த துணியின் ஒயில் ஊறி, நெஞ்சில் தையல் போட்ட இடத்தில் சூடாகப் பட்டுக்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. துணியை வெளியே எடுத்து அவன் கையில் வைத்தேன்.

"இதைக் கேள் தம்பி" என்று தொடங்கினேன்.