அணைக்கக் கூடாத மோட்டார்

ரிஃபாத் செய்த மோட்டாரை யாரும் அணைக்கக் கூடாது. பேகம்பூரில் அந்த வீட்டுக்குள் அதுதான் சட்டம். ஃபேனை அணைக்கலாம், டிவியை அணைக்கலாம், கோபம் வந்தால் அவன் மனைவி ஃபாயிஸா அடுப்பையே அணைத்துவிட்டு அம்மா வீட்டுக்குப் போய்விடலாம். கொல்லைப்புறச் சிமென்ட் தொட்டியில் ஓடுகிற மோட்டாரை மட்டும் தொடக் கூடாது.

அப்படி என்ன பெரிய மோட்டார் என்று கேட்டால், வண்ணமீன் கடையில் விற்கிற, உள்ளங்கைக்குள் அடங்குகிற சாமான்தான். ரிஃபாத் அதன் வாயை ரம்பத்தால் அறுத்தான். உள்ளே இருந்த குட்டிச் சக்கரத்தைக் கழற்றி எறிந்தான். அது சுற்றிய தண்டில் பொம்மைப் படகின் புரொப்பெல்லரை ஒட்டினான். அவ்வளவுதான்! சும்மா சலசலத்துக்கொண்டிருந்த தொட்டித் தண்ணீருக்கு ஆற்று வேகம் வந்துவிட்டது. அதில் வளர்த்த கோய் என்ற வண்ணமீன்கள் எதிர்த்து நீந்தி நீந்தி, தின்று தின்று, பார்ப்பவர் கண்படும்படி வளர்ந்தன.

அதைப் பார்த்து ஃபாயிஸா அழுதாள். மீனுக்காகவா அழுவாள்? ரிஃபாத் தோல் ஷெட்டில் வேலை பார்த்தவன். அங்கே மருந்துத் தண்ணீரில் ஊறி ஊறி அவன் கைகள் பாளம் பாளமாக வெடித்திருந்தன. சோற்றைப் பிசைந்தால் ரசம் பட்டு எரியும். இனி ஷெட்டுக்குப் போனால் விரல்கள் தங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இதுமாதிரி மோட்டார் செய்து மீன் வளர்ப்பவர்களுக்கு விற்றால் ஷெட்டுக்குப் போக வேண்டியதில்லை. அதற்காகத்தான் அவள் அழுதாள்.

ஆனால் அதில் ஒரு கோளாறு இருந்தது. அந்த வகை மோட்டாரை ஒவ்வொரு தடவை போடும்போதும் அது எந்தப் பக்கம் சுற்றும் என்று அதற்கே தெரியாது. நேராகச் சுற்றினால் தண்ணீரைத் தள்ளும். மாற்றிச் சுற்றினால் இழுக்கும். ஒருநாள் கூட்டிப் பெருக்கும்போது ஃபாயிஸா சுவிட்சை அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டாள். அன்று மாலை பார்த்தால் குஞ்சு மீன்கள் எல்லாம் புரொப்பெல்லர் இறக்கையில் சிக்கி, தண்ணீரே கலங்கிக் கிடந்தது.

"அறிவிருக்கா ஒனக்கு? நேராச் சுத்துறத எதுக்குடி அணைச்ச?" என்று ரிஃபாத் கத்தினான். அப்புறம் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, விடு. இனிமே அணைக்காத, அம்புட்டுத்தான்" என்று முடித்துக்கொண்டான்.

மறுநாள் கறுப்பு டேப்பை எடுத்து, சுவிட்சையும் பிளக்கையும் சேர்த்து வரிவரியாகச் சுற்றி ஒட்டியது ஃபாயிஸாதான். தெரியாத்தனமாகக்கூட ஒரு கை பட்டுவிடக் கூடாது என்று, டேப் தீரும்வரை சுற்றினாள். ரிஃபாத்துக்குப் பரம சந்தோஷம். கரண்ட் போனாலும் நிற்காமலிருக்க இன்வெர்ட்டரில் இணைப்புக் கொடுத்தான். மோட்டார் வாங்கிய ஏழெட்டுப் பேருக்கும் அதையே சொல்லிக் கொடுத்தான். "இன்வெர்ட்டர்ல மாட்டுங்க, சுவிட்ச்சுல டேப்பச் சுத்துங்க, அணைக்கவே அணைக்காதீங்க. எங்க வீட்டுல அவ கண்டுபிடிச்ச வழி" என்று பெருமை வேறு. பாவி மனிதன், பெருமைப்பட வேறு எதுவுமா கிடைக்கவில்லை!

ஒரு காலையில் அவன் தொட்டிக்குள் இரண்டு கைகளையும் விட்டுப் பாசி கழுவிக்கொண்டிருந்தான். ஃபாயிஸா உள்ளே வெஞ்சனத்துக்குக் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஏதோ முனகல் கேட்டு எட்டிப் பார்த்தாள். அவன் தொட்டி விளிம்பில் நெஞ்சைச் சாய்த்தபடி விறைத்து நின்றான். வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை.

கரண்ட் பிடித்தவனைத் தொடக் கூடாது என்று அவளுக்குத் தெரியும். சுவிட்சுக்கு ஓடினாள். நகத்தால் கீறினாள். டேப் வெயிலில் இளகி, ஒன்றோடொன்று அப்பிக்கிடந்தது. பிய்க்கப் பிய்க்க அடியில் இன்னொரு வரி இருந்தது. "மாமி! மெயின எறக்குங்க!" என்று அலறினாள். மாமியார் கமர்ஜஹான் ஓடிப்போய் மெயினை இறக்கினாள். வீடு முழுக்க ஃபேன் நின்றது. இன்வெர்ட்டரில் ஓடிய மோட்டார் நிற்கவில்லை. ஃபாயிஸா அரிவாள்மனை இருந்த இடத்துக்கு ஓடி, அங்கே கிடந்த கத்தியை எடுத்து வந்து, டேப்பை அறுத்துப் பிளக்கைப் பிடுங்குவதற்குள் ரிஃபாத் தண்ணீருக்குள் முகம் கவிழ்ந்துவிட்டான்.

பக்கத்துத் தெரு டாக்டர் வந்து நாடி பார்த்து, உதட்டைப் பிதுக்கினார். அவர் வாயைத் திறக்கும் முன்பே கமர்ஜஹான் முந்திக்கொண்டாள்.

"நெஞ்சு வலிக்குதுன்னான் டாக்டரய்யா. அப்பிடியே சாஞ்சுட்டான்."

ஃபாயிஸா திகைத்துப்போய் மாமியைப் பார்த்தாள். மாமி அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தாள். ஷாக் என்று சொன்னால் போலீஸ் வரும், போஸ்ட்மார்ட்டம் என்று உடம்பைக் கூறு போடுவார்கள். பெற்றவளுக்கு அது தாங்குமா? அஸர் தொழுகைக்குப் பிறகு ரிஃபாத்தை மையவாடியில் அடக்கிவிட்டு வந்தார்கள். ஊரெல்லாம் மாரடைப்பு என்றே பேசியது.

கணவனை இழந்தவள் வீட்டோடு இருக்கும் இத்தாவுக்கு உட்கார்ந்த முதல் வாரம் ஃபாயிஸா யோசிக்கிற நிலையிலேயே இல்லை. பிறகு ஒருநாள் அந்த மோட்டாரை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். உள்ளே கம்பிச்சுருளை மூடியிருந்த கறுப்புப் பிசின் மயிரிழை அளவுக்கு வெடித்திருந்தது. சின்ன மோட்டாருக்குப் பெரிய இறக்கை. இழுக்க மாட்டாமல் இழுத்து, இராப்பகலாகச் சூடாகி வெடித்து, கரண்டைத் தண்ணீருக்குள் விட்டிருக்கிறது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மற்ற ஏழெட்டு வீடுகளிலும் இதே மோட்டார், இதே இறக்கை, சுவிட்ச்சில் இதே டேப்!

"மாமி, அவரு போன் எங்க? மோட்டாரு வாங்குனவுங்களுக்குச் சொல்லணும்."

"என்னான்னு சொல்லுவ?"

"அணைக்கச் சொல்லணும் மாமி. ஷாக் அடிக்கும்னு சொல்லணும்."

கமர்ஜஹான் பீரோச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். "இத்தாவுல இருக்கிறவ அந்நிய ஆம்பளைககிட்ட பேசுவாளா? அப்புறம் எப்பிடித் தெரியும்னு கேப்பானுங்க. ஒண்ணு ரெண்டாகி, ஊரே பேசும். எம் புள்ளைய கபரத் தோண்டி வெளிய எடுப்பானுங்க புள்ள!" என்றாள். "நாப்பது முடியட்டும். நாப்பது பாத்திஹா ஓதி முடிச்சிட்டா நானே போன எடுத்துத் தாரேன். அதுவரைக்கும் எம் புள்ள நிம்மதியாக் கெடக்கட்டும். ஒன் காலப் புடிச்சுக் கேக்குறேன்."

உண்மையிலேயே குனிந்து காலைப் பிடித்தாள். அந்த வயதுக்காரி, பிள்ளையைப் பறிகொடுத்தவள். ஃபாயிஸா பதறிப்போய் மாமியைத் தூக்கி நிறுத்தி, "சரி மாமி" என்றாள். அந்த ஒரு சொல்லைச் சொன்ன நேரத்தில் நாக்கு அறுந்து விழுந்திருக்கலாம்.

அதன் பிறகு அவளுக்குத் தூக்கம் ஏது? தெருவில் ஆம்புலன்ஸ் ஊளையிட்டால், அது எந்த ஊருக்குப் போகிறதோ என்று ஜன்னலில் போய் நிற்பாள். மோட்டார் வாங்கிய அகரத்துக்காரர் வீட்டுப் பிள்ளைகள் தொட்டியில் கையை விட்டு விளையாடுவார்களே என்று நினைப்பு ஓடும். செம்பட்டி ஆனந்த்ராஜ் வீட்டுக்கு ரிஃபாத்தோடு அவளும் ஒருதரம் போயிருந்தாள். அவர் மனைவி இசைவாணி அவள் கையில் கொய்யாப்பழத்தைத் திணித்து, "பாயி மோட்டாரு வந்தப்பறம் இவரு தொட்டிய விட்டு நகரவே மாட்டேங்குறாருக்கா" என்று சிரித்தாள். ஒவ்வொரு வேளை தொழுகையிலும் ஃபாயிஸா அந்த வீடுகளுக்காகத்தான் கையேந்தினாள். போன் என்னவோ பீரோவுக்குள்ளேயே கிடந்தது.

நாற்பது முடிந்தது. மறுநாள் லுஹருக்குப் பாங்கு சொன்னதும் கமர்ஜஹான் பீரோவைத் திறந்து, போனை எடுத்து மருமகள் மடியில் வைத்தாள். முசல்லாவை விரித்துத் தொழ நின்றாள். அவளும் கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிட்டாள்.

போன் உயிர் பெறச் செத்த நேரம் ஆனது. ஃபாயிஸா முதலில் செம்பட்டிக்குப் போட்டாள். இசைவாணிதான் எடுத்தாள்.

"யாரு, பாயி வீட்டு அக்காவா? கேள்விப்பட்டோம்க்கா. வரணும்னுதான் இருந்தோம். அதுக்குள்ள எங்க வீட்டுலயும் இடி விழுந்துருச்சு."

"என்னம்மா?"

"இவரும் போயிட்டாருக்கா. பாயி மாதிரியேதான். நெஞ்சு வலி. தொட்டிகிட்ட நின்னு பாசி கழுவிக்கிட்டு இருந்தாரு, அப்பிடியே சாஞ்சுட்டாரு. நான் வந்து பாக்கையில மூச்சில்ல. இப்பத்தான் பதினாறு முடிஞ்சுச்சு."

ஃபாயிஸா விரல்விட்டு எண்ணினாள். பதினாறு என்றால்? அவள் மாமியைத் தூக்கி நிறுத்தி "சரி" என்று சொன்னதற்குப் பிறகு. எத்தனையோ நாள் பிறகு. அல்லாவே!

இசைவாணியின் குரல் மேலே மேலே வந்துகொண்டிருந்தது. அதற்குப் பின்னால் தண்ணீர் புரளும் சத்தம் கேட்டது.

"மோட்டார்... அந்த மோட்டார் என்னாச்சு?" என்றாள் ஃபாயிஸா.

"அதுபாட்டுக்கு ஓடுதுக்கா. அணைக்கக் கூடாதுன்னு பாயி சொல்லிருக்காருல்ல, டேப்பக்கூடப் பிரிக்கல. அவரு ஆசையா வளத்த மீனு, சாக விட மனசு வரல. நாந்தான் எரை போட்டுப் பாத்துக்கிறேன். அவரு போனப்பறம் இன்னிக்குத்தான் பாசி கழுவப் போறேன், போன ஸ்பீக்கர்ல போட்டு வச்சிருக்கேன்..."

"கைய விடாதீங்க! தண்ணிக்குள்ள கைய விடாதீங்க! தள்ளி வாங்க!"

தெருவே கேட்கும்படி கத்தியிருந்தாள். முசல்லாவில் கமர்ஜஹான் சுஜூதில் கிடந்தாள். நெற்றியைத் தரையிலிருந்து எடுக்கவில்லை. முதுகு மட்டும் குலுங்கியது.

"தள்ளி வந்துட்டேன்க்கா. என்னக்கா, ஏன் இப்பிடிக் கத்துறீங்க?"

ஃபாயிஸா போனை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

"எங்க வீட்டுக்காரருக்கு நெஞ்சு வலி இல்லம்மா," என்றாள். "உங்க வீட்டுக்காரருக்கும் இல்ல."