சிட்டுக்குருவி வீட்டு வெந்நீர் அறை

குளிக்கப் போனால் நெஞ்சின் மேல் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி இருக்கிறது என்று விருந்தாளிகள் வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தார்கள். ஒரு அம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டே வெளியே வந்தார். இன்னொருவர், ‘அழகான வீடு, ஆனால் தனியாகக் குளிக்காதீர்கள்’ என்று இணையத்திலேயே எழுதிவிட்டார். பேய் பிசாசை நம்புகிற ஆள் இல்லை நான். ஆனாலும் நம்பாதவளுக்குப் பயம் வராதா என்ன?

கன்னட ஊரொன்றின் மண்டி மொஹல்லா சந்துக்குள் கிடந்த இந்தப் பழைய வீட்டை நானும் என் கணவர் ஸ்ரீவத்ஸனும் புதுப்பித்து, சுற்றுலா வருகிறவர்களுக்கு விடுகிறோம். சிமென்ட் கிடையாது, சுண்ணாம்புதான். ஏ.சி., கீசர் எதுவும் கிடையாது. பின்கட்டுக் குளியலறையில் அடுப்போடு சேர்த்துக் கட்டிய செம்பு அண்டாவில்தான் வெந்நீர். அடுப்பில் தேங்காய் மட்டை எரியும், கூரைக்குக் கீழே உள்ள புகைப்போக்கி வழியாகப் புகை போய்விடும். அந்தப் புகைப்போக்கியில்தான் சிட்டுக்குருவி கூடு கட்டியது.

ஸ்ரீவத்ஸனுக்குத் தலைகால் புரியவில்லை. “ஊர்ல குருவியே இல்லேங்கறா, நம்மாத்தைத் தேடிண்டு வந்திருக்கு பாரு மேதா!”

கூட்டைத் தொடக்கூடாது, குருவிக்குப் புகையும் ஆகாது. ஆகவே மட்டையை நிறுத்திவிட்டுக் கரி போட்டோம். கரியில்தான் புகையே வராதே! சூடு வீணாகக்கூடாதென்று ஜன்னலையும் கண்ணாடி வைத்து அடைத்தோம். இணையத்தில் போட்ட கூட்டின் படத்தைப் பார்த்துவிட்டே நிறையப் பேர் வந்தார்கள். எங்கள் புத்திசாலித்தனத்தை நாங்களே மெச்சிக்கொண்டோம்.

அன்று காலை தங்கியிருந்தவர்கள் ஈரோட்டுக்காரர்கள். ரத்தினசாமி, அவர் மனைவி சுசித்ரா, பேச்சு இன்னும் திருந்தாத ஒரு பெண் குழந்தை. மாதேஸ்வரன் மலையில் முடி இறக்கிவிட்டு வந்திருந்தார்கள். குழந்தையின் மொட்டைத் தலைக்கு எண்ணெய் வைத்து சுசித்ரா குளிப்பாட்ட அழைத்துப் போனாள். ரத்தினசாமி கூடத்தில் காபி குடித்துக்கொண்டிருந்தார்.

அடுப்பு மூட்டுகிற லிங்கம்மா என்னிடம் ஓடி வந்தாள். “அம்மா, உள்ளே நீர் சத்தமே இல்லம்மா. கூப்ட்டா மாத்தே இல்ல, பதில் வரல. நான் அவத்தே, அன்னிக்கே சொன்னேன், இந்த மனெயிலே ஏனோ, என்னமோ இருக்குன்னு!”

“வாயை மூடு!” என்று கத்தினேன்.

ரத்தினசாமி கதவைத் தட்டினார். “சுசி! ஏ சுசி! பாப்பா!” உள்ளே ஒரு முனகல்கூட இல்லை. அது பழைய தேக்குக் கதவு. ஸ்ரீவத்ஸன் கடப்பாரையை எடுத்து வந்தவர், சித்திர வேலைப்பாட்டைப் பார்த்து ஒரு கணம் தயங்கினார்.

“கதவாம் கதவு! உடைங்கோ!” என்றேன்.

தாழ்ப்பாள் தெறித்தது. சுசித்ரா சுவரோரம் சரிந்து கிடந்தாள். மடியில் குழந்தை, பாதி துவட்டிய உடம்போடு. ஒரு பொட்டுப் புகை இல்லை, நாற்றம் இல்லை. அடுப்பில் கரி மட்டும் அமைதியாகச் சிவந்து கனன்றது. சுசித்ராவைத் தூக்கக் குனிந்தபோது எனக்கே தலை கிறுகிறுத்தது, நெஞ்சை ஏதோ அழுத்தியது. நிமிர்ந்து புகைப்போக்கியைப் பார்த்தேன், ஜன்னல் கண்ணாடியைப் பார்த்தேன். அய்யோ, கடவுளே! கையில் கிடைத்த சொம்பால் கண்ணாடியை உடைத்தேன்.

சந்துக்குள் ஆம்புலன்ஸ் வராது. இருவரையும் ஆட்டோவில் போட்டுக்கொண்டு பறந்தோம். குழந்தையின் தலை என் கையில் துவண்டு துவண்டு விழுந்தது. செத்துப்போய்விடாதே, செத்துப்போய்விடாதே என்று வழி முழுக்க முணுமுணுத்தேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாவுக்குத் தமிழ் தெரிந்திருந்தது. “என்ன ஆச்சு? ஏதாவது எரிஞ்சுதா?”

“ஒண்ணும் எரியலீங்க,” என்றார் ரத்தினசாமி. “புகையே இல்லீங்க. அந்த ஊட்டுல என்னமோ இருக்குதுங்க, காத்துக் கருப்பு. அதான் ரெண்டு பேரையும் புடிச்சிருச்சுங்க.” பிறகு எங்களைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். “இவங்க கதவ உடைக்கலீன்னா என் குடும்பமே போயிருக்குமுங்க. அந்த மாதேஸ்வரனே அனுப்புன மாதிரி வந்தாங்க.”

டாக்டர் குழம்பிப் போய்க் குழந்தையின் இமையை விரித்துப் பார்த்தார். ஸ்ரீவத்ஸன் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார்.

“மேதா, நீ ஒண்ணும் சொல்லிடாதே. அவாளே கண்டுபிடிப்பா. ஜெயில்ல போட்டுடுவா நம்மை.”

எனக்கும் அதே பயம்தான். வீடு போகும், பேர் போகும், போலீஸ் வரும். ஆனால் அவர்கள் கண்டுபிடிக்கும்வரை அந்தப் பிஞ்சு தாங்குமா?

“கரி எரிஞ்சுது டாக்டர்,” என்றேன். “மூடின ரூம்ல. புகை போற வழியில குருவிக் கூடு, ஜன்னலையும் அடைச்சு வெச்சிருந்தோம். பேய் பிசாசு ஒண்ணும் இல்லே, நாங்கதான்.”

டாக்டர் அதற்கு மேல் கேட்கவில்லை. விஷ வாயு என்று நர்ஸிடம் கன்னடத்தில் கத்திக்கொண்டே ஸ்ட்ரெச்சரோடு உள்ளே ஓடினார். கதவு மூடிக்கொண்டது. ரத்தினசாமி எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. நான் பெஞ்சில் உட்கார்ந்து மூடிய கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெகுநேரம் கழித்து உள்ளேயிருந்து குழந்தை வீறிட்டு அழுதது. அப்பா, என்ன அழுகை அது! அம்மா வேண்டுமென்று அழுதது, அம்மாவும் ஈனசுரத்தில் பதில் சொன்னாள். என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து ஓடினேன்.

ரத்தினசாமி வாசலில் குறுக்கே வந்து நின்றார். லிங்கம்மா அந்தக் குளியலறையைப் பயத்தோடு பார்ப்பாளே, அதே மாதிரி என்னைப் பார்த்தார்.

“உள்ள வராதீங்க,” என்றார். “எம்புள்ளகிட்ட நீங்க வராதீங்க.”